தண்ணி வராத போர்

திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி போகும் சாலையில், பாறை துளைக்கும் ரிக் லாரிகள் வரிசையாக நிற்கும் இடத்தைத் தாண்டியதும் 'சௌந்தர்யா போரிங் ஒர்க்ஸ்' என்று மஞ்சள் எழுத்தில் ஒரு பலகை இருக்கிறது. அந்தப் பலகையை நம்பி வருகிறவர்களில் பாதிப் பேர் தப்பான இடத்துக்கு வருகிறவர்கள்தான். குற்றம் அவர்கள் மேல் இல்லை. இந்த ஊரில் போர் என்றால் ஆழ்துளைக் கிணறு. அம்மா, அப்பாவுக்கு அடுத்தபடி குழந்தைகள் பேசக் கற்கும் சொல் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் சௌந்தர்யா போடுவது இன்ஜின் போர். ஓடித் தேய்ந்த சிலிண்டரின் துளையை மிஷினில் வைத்துக் கடைந்து, வட்டம் பிசகாமல் பெரிதாக்கி, புதுப் பிஸ்டனுக்கு இடம் பண்ணிக் கொடுப்பாள். மெக்கானிக்குகள் அதற்கும் போர் போடுவது என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

"தோட்டத்துல ஒரு போர் போடோணுமுங்க, வண்டி எப்ப வரும்?" என்று பலகையிலுள்ள நம்பரைப் பார்த்துப் போன் பண்ணுவார்கள்.

"நாங்க ஒரு அடிக்கு மேல போட மாட்டோமுங்க," என்பாள் சௌந்தர்யா, சிரிக்காமல். எதிர்முனையில் இருப்பவர் குழம்பி முடித்ததும், "அது எங்கூட்டுக்காரர் வேலைங்க, நம்பர் தாரேன் எழுதிக்குங்க," என்று புருஷன் தனபாலின் நம்பரைக் கொடுப்பாள்.

தனபால் நிஜமான போர்க்காரர். ரிக் லாரி ஒன்றுக்கு மேனேஜர். மழைக்காலத்தில் மட்டும் ஊரில் இருப்பார். மற்ற மாதங்களில் சத்தீஸ்கரிலோ ராஜஸ்தானிலோ ஏதாவது ஒரு காட்டில் பாறையைத் துளைத்துக்கொண்டிருப்பார். புருஷன் மண்ணில் போட, பெண்டாட்டி இரும்பில் போட, குடும்பம் நன்றாகவே நடந்தது.

மல்லசமுத்திரத்துப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பி.காம். படித்து, கல்யாணமாகி வந்தவள் சௌந்தர்யா. ரிக் லாரிகளின் இன்ஜின்களை நாமே சரிசெய்துகொள்ளலாம் என்று தனபால் இந்த மிஷினை வாங்கிப்போட்டார். அதை ஓட்ட வந்த ஆள் ஓசூரில் நல்ல வேலை கிடைத்ததும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். மிஷின் சும்மா கிடந்தது. சும்மா கிடக்கும் எதையும் சௌந்தர்யாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அது அவளுடைய சுபாவம். காயலான் கடையிலிருந்து ஓட்டை இன்ஜின் பிளாக்குகளை எடுத்துவந்து கடைந்து கடைந்து பார்த்தாள். கெடுத்ததெல்லாம் மறுபடி காயலான் கடைக்கே போனது. ஒருநாள் கெடாத பிளாக் ஒன்று வந்தது. அன்றையிலிருந்து அந்த மிஷின் அவளுடையது.

அவள் வேலை செய்வது காதால். கட்டர் இரும்பைக் கடையும்போது ஒரு கரகரப்பு கேட்கும். சத்தம் கூடினால் அதிகம் கடிக்கிறது என்று அர்த்தம். குறைந்தால் கட்டர் சரியாகப் பிடிக்கவில்லை, திருகை இன்னும் ஒரு துளி திருப்ப வேண்டும் என்று அர்த்தம். தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். புதிதாக வருகிறவர்கள் அவள் சாமி கும்பிடுவதாக நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பதும் உண்டு.

இப்படிப்பட்டவளுக்கு வேகம் என்றால் உயிர். இது யாருக்கும் தெரியாது. காலேஜ் போன காலத்தில் ஈரோட்டு பஸ்களில் எது எல்லாவற்றையும் முந்திக்கொண்டு போகிறதோ அதில்தான் ஏறுவாள், அதிலும் முன்சீட்டில்தான் உட்காருவாள். அதற்காக இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு வெயிலில் நிற்பாள். இப்போது அவள் ஓட்டுவதோ பிளாக் ஏற்றி இறக்கும் பழைய ஆம்னி வேன். ஐம்பதைத் தாண்டினால் அதன் கதவு தானாகத் திறந்துகொள்ளும். அவள் போர் போட்ட இன்ஜின்கள் வடநாடெல்லாம் சுற்றுகின்றன. அவளுக்குக் கிடைப்பது அவை பட்டறை வாசலில் ஸ்டார்ட் ஆகி, முதல் கியரில் சந்து திரும்பும்வரை கேட்கிற சத்தம் மட்டும்தான். அது அவளுக்கு ஒரு குறையாகவே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் தீனதயாளன் வந்தான். நாமக்கல்லில் கோழிப்பண்ணையும் குஞ்சு பொரிக்கும் கூடமும் வைத்திருக்கும் வீட்டுப் பையன். இன்ஜினியரிங் படித்துவிட்டு அப்பாவோடு பண்ணையைப் பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கோயமுத்தூர் பக்கத்து ரேஸ் தளத்தில் கார் ஓட்டுகிறான். அவன் தலைமுடியில் எப்போதும் ஒரு கோழி இறகாவது இருக்கும். காரின் பின்சீட்டிலிருந்து, போர்வையில் சுற்றிய எதையோ கைக்குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு வந்தான்.

போர்வையைப் பிரித்தால் அலுமினிய பிளாக். நாலு சிலிண்டர். சௌந்தர்யா குனிந்து ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். தூக்கவும் வந்தது.

"என்ன தம்பி இது, புட்டுச் சட்டியாட்டம் இருக்குது?"

"அதுதானுங்கக்கா விசேசமே. கனமில்ல. மோதி நொறுங்கிப்போன காருல இருந்து எடுத்தது. இன்னொண்ணு தேடினாலும் கெடைக்காது. உள்ள இருக்கற இரும்புக் குழாய், அந்த ஸ்லீவையெல்லாம் கடைஞ்சு எடுத்துப்போட்டு, பெருசாப் புது ஸ்லீவ் போடோணும். இஞ்சின் எட்டாயிரம் சுத்து சுத்தோணுமுங்க."

மூவாயிரம் சுற்றுக்கே மூச்சு வாங்கும் லாரி இன்ஜின்களோடு வாழ்ந்தவள் சௌந்தர்யா. எட்டாயிரம் என்றதும் பிளாக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பெரிய ஊர்களில் யாரும் இதைத் தொடவில்லையா என்று கேட்டாள். கேட்டவர்கள் எல்லாம் ஆறு மாதம் ஆகும் என்றார்களாம். ரேஸ் சீசனோ அடுத்த மாதம் தொடங்குகிறது.

"செரி, போட்டுத் தாரேன்."

"கூலி எவ்வளவுங்கக்கா?"

சௌந்தர்யா வாசல் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டாள். பிளாக் கழுவும் பொன்னாயி மட்டும்தான் இருந்தாள்.

"கூலி வேண்டாம். இஞ்சின் ஓடுச்சுன்னா, அந்த ரேசுத் தளத்துல ஒரு ரவுண்டு நான் ஓட்டோணும். தனியா. பக்கத்துல யாரும் உக்காரக் கூடாது."

தீனதயாளன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டான். "ஒரே ஒரு ரவுண்டுதானுங்க்கா," என்று ஒப்புக்கொண்டான்.

பொன்னாயி வாய் சும்மா இருக்குமா? "எனக்கு வேண்டாமுங்க சாமி, நான் பஸ்ஸுலயே போயிக்கறேன்," என்றாள்.

பொன்னாயி பிளாக்கைக் கழுவித் துடைத்துக் கொடுத்தாள். சௌந்தர்யா மிஷினில் ஏற்றி வேலையைத் தொடங்கினாள். முதல் சிலிண்டர், இரண்டாவது சிலிண்டர், பழைய இரும்பு ஸ்லீவுகள் அழகாகக் கடைந்து வெளியே வந்தன. அளந்து பார்த்ததில் மயிரிழை பிசகில்லை. மூன்றாவதில் ஸ்லீவ் தீர்ந்து கட்டர் அலுமினியத்தில் இறங்கியது. சத்தம் குறைந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தவளின் கை, இத்தனை வருடப் பழக்கத்தில், தானாகத் திருகுக்குப் போனது. சத்தம் குறைந்தால் கட்டர் பிடிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? ஒரு துளி திருப்பினாள். சத்தம் வரவில்லை. இன்னும் ஒரு துளி திருப்பினாள்.

அலுமினியம் வாய் திறக்காத சாதி. வாழைத்தண்டு போல வெட்டுப்படும், ஆனால் வெட்டுப்படுகிறேன் என்று சொல்லாது. அவள் கண்ணைத் திறந்தபோது துளையின் ஓரத்தில் பிறை நிலா வடிவில் ஒரு கீறல் திறந்திருந்தது. காலையில் பொன்னாயி கழுவிய தண்ணீர், பிளாக்குக்குள் சூட்டைத் தணிக்கத் தண்ணீர் சுற்றும் வழியில் மிச்சம் இருந்தது, அந்தக் கீறல் வழியாகச் சொட்டுச் சொட்டாக வந்து சிலிண்டருக்குள் இறங்கியது.

மிஷினை நிறுத்தினாள். அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்தாள். இன்னொன்று கிடைக்காத பிளாக். அந்தப் பையனின் ஒரு வருஷத்து ரேஸ். அவளுடைய ஒரு ரவுண்டு. மூன்றும் அந்தக் கீறல் வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தன. பொன்னாயி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல் முறையாக எதுவும் சொல்லாமல் போனாள். அதுதான் சௌந்தர்யாவை இன்னும் பயமுறுத்தியது.

போனை எடுத்துத் தனபாலைக் கூப்பிட்டாள். எடுத்ததும் பின்னால் ரிக் கம்ப்ரஸர் அலறும் சத்தம்.

"மாமா, போர்ல தண்ணி வந்துருச்சுங்க," என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

"தண்ணி வந்துருச்சா!" தனபாலின் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "எத்தன அடியில?"

"அரை அடியில."

"அரை அடியிலயா? அடேங்கப்பா! எத்தன இஞ்சு தண்ணி?" என்றவருக்கு அப்புறம்தான் சந்தேகம் வந்தது. "ஆமா, ஆரு பேசறது?"

"நாந்தானுங்க, சௌந்தரா. இது இஞ்சின் போருங்க. அந்த அலுமினிய பிளாக்கு. கெடுத்துப்போட்டேன்."

தனபால் சிரித்துவிட்டார். முப்பது வருஷமாகத் தண்ணீர் வரவேண்டும் என்று எல்லாச் சாமியையும் வேண்டிக்கொள்கிற மனுஷன், தண்ணீர் வந்துவிட்டதே என்று அழுகிற குரலை இப்போதுதான் கேட்கிறார். ஆனால் அவள் நிஜமாகவே அழுகிறாள் என்று தெரிந்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு கம்ப்ரஸருக்கு அந்தப் பக்கமாகத் தள்ளிப் போனார்.

"அழுவாத புள்ள. இங்க மேல்மண்ணு சரிஞ்சு உப்புத்தண்ணி உள்ள எறங்குச்சுன்னா, குழிய மூடிப்போட்டு ஊட்டுக்கா வந்தர்றோம்? கேசிங் பைப்ப இன்னும் கீழ எறக்கறோம். அடியில பாறையில கச்சிதமா உக்காந்துச்சுன்னா, சுத்தியும் தண்ணி நின்னாலும் ஒரு சொட்டு உள்ள வராது. நீயும் கேசிங் எறக்கு."

"இது காருங்க. உங்க கரட்டுப் பாறையில்ல."

"எனக்குத் தெரிஞ்சது அத்தனதான். இங்க ராடு மாத்தறாங்க, வெக்கட்டுமா?"

வைத்துவிட்டார். சௌந்தர்யாவுக்குக் கோபமான கோபம். அழுகிறவளிடம் கேசிங் பைப்பைப் பற்றிப் பேசுகிற ஆளைக் கட்டிக்கொண்டோமே என்று மூக்கைச் சிந்தினாள். அந்தக் கோபத்தோடு திரும்பியவளின் கண்ணில், மூலையில் கிடந்த ரிக் லாரி இன்ஜின் பட்டது. அன்று மாலைக்குள் லைனர் போட்டுக் கொடுக்க வேண்டிய இன்ஜின்.

லாரி இன்ஜினில் லைனர் என்கிற அந்த ஸ்லீவ் நிற்பதே தண்ணீருக்குள்தான். மேலே ஒரு கழுத்துப்பட்டை, பிளாக்கின் விளிம்பில் உட்கார்ந்துகொள்ளும். கீழே இரண்டு ரப்பர் வளையம், தண்ணீரைத் தடுத்துக்கொள்ளும். சுற்றியும் தண்ணீர் ஓடும், உள்ளே பிஸ்டன் ஓடும், ஒன்றுக்கொன்று தெரியாது. அப்படி எத்தனை லைனரை இந்தக் கையால் இறக்கியிருக்கிறாள்! கார் பிளாக் என்றதும் அது மறந்தே போயிற்று. "கேசிங்," என்று வாய்விட்டுச் சொன்னாள். கோபம் போன இடம் தெரியவில்லை.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. ஒரு சிலிண்டர் மட்டும் இப்படி, மற்றவை அப்படி என்று வைக்க முடியாது. சூட்டில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி விரிந்து மேலே மூடியிருக்கும் ஹெட்டின் கேஸ்கெட் பறந்துவிடும். நன்றாக இருக்கும் மூன்றையும் அதேபோல வெட்ட வேண்டும். தீனதயாளனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, மூணாவது சிலிண்டர நான் கெடுத்துப்போட்டேன். எம்பட தப்புத்தான். சரி பண்ண வழி இருக்குது. ஆனா நல்லா இருக்கற மூணையும் வெட்டோணும்."

எதிர்முனையில் கோழிகள் மட்டும் கொக்கரித்தன.

"ஓடுமுங்களாக்கா?" என்றான் கடைசியில்.

"ஓடும்னு நெனைக்கறேன். ஆனா சூடேறி ஓடுனாத்தான் தெரியும். அலுமினியம் ஒரு மாதிரி விரியும், இரும்பு ஒரு மாதிரி விரியும்."

"அப்ப வெட்டுங்க," என்றான். "எங்கப்பாருகிட்ட மட்டும் மூச்சு உடாதீங்க."

மறுநாள் அவனே லேப்டாப்போடு வந்து உட்கார்ந்துகொண்டான். லாரிக்குப் போடும் ரப்பர் வளையம் இந்தச் சூட்டுக்குக் கரைந்துவிடும், வேறு ரகம் வேண்டும் என்று தேடி வரவழைத்தது அவன்தான். ஸ்லீவ் பிளாக்கின் மேல்மட்டத்திலிருந்து எவ்வளவு துருத்திக்கொண்டு நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னதும் அவன்தான். அவன் சொன்ன அளவுக்கு அவள் லேத்தில் ஸ்லீவுகளைக் கடைந்தாள். இந்த முறை கண்ணை மூடவில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் மிஷினை நிறுத்தி, அளந்து, பிறகு அடுத்தது. காது கேட்காதவர்கள் எப்படி வேலை செய்வார்களோ அப்படிச் செய்தாள், அது அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

ஸ்லீவை இறுக்கமாக இறக்க ஒரு வழிதான். பிளாக்கைச் சூடாக்கினால் துளை விரியும், ஸ்லீவைக் குளிரவைத்தால் சுருங்கும், அந்த நேரம் பார்த்து இறக்கிவிட வேண்டும். குளிருக்குக் கவலையில்லை. கோழிக்குத் தடுப்பூசி வைக்கும் ஃப்ரீசர் தீனதயாளன் வீட்டில் இருந்தது. நாலு ஸ்லீவும் ஊசி மருந்துகளுக்கு நடுவில் போய்ப் படுத்துக்கொண்டன. சூட்டுக்கு எங்கே போவது? சாலைக்கு அந்தப் பக்கம் கண்ணுசாமியின் பேக்கரி இருந்தது.

"பன்னு சுடற அடுப்புல இஞ்சினா?" என்று கண்ணுசாமி நெஞ்சில் கை வைத்தார். "டீசல் வாசம் அடிச்சா எம்பட பொழப்பு என்னங்கம்மா ஆவறது?"

"இது லாரி பிளாக்கு இல்லீங்கண்ணா. சோப்புப் போட்டுக் கழுவிக் கொண்டாரோம்," என்றாள் சௌந்தர்யா.

பொன்னாயி அன்று பிளாக்கைக் கழுவிய கழுவலில் தலைக்கு ஊற்றும் சீயக்காய்கூடத் தீர்ந்தது. கண்ணுசாமி மோந்து பார்த்தார். மறுபடி கழுவச் சொன்னார். மறுபடி மோந்தார். காலை பன்கள் இறங்கி முடிந்த பிறகு, அதே தட்டில், அதே இடத்தில், அலுமினிய பிளாக் அடுப்புக்குள் போனது.

டீ குடிக்க வந்த ரிக் டிரைவர்கள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்து நின்றார்கள். மைதா சிந்திய மேஜை மேல் பிளாக் வந்து இறங்கியது. தீனதயாளன் ஐஸ் பெட்டியிலிருந்து ஸ்லீவை எடுத்து நீட்டினான். சௌந்தர்யா அதை நேராகப் பிடித்து, ஒரு நொடி மூச்சை அடக்கி, விட்டாள். டொக்கென்று உட்கார்ந்தது. சுத்தியல் வேண்டியிருக்கவில்லை, தட்ட வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. கடைசி டொக்குக்கு டிரைவர்கள் கை தட்டினார்கள். கண்ணுசாமி மட்டும் மறுநாள்வரை தன் பன்களை மோந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு உள்ளே மெருகேற்றி, பிஸ்டன் போட்டு, ஹெட்டை வைத்து, தீனதயாளன் எங்கெங்கிருந்தோ வரவழைத்த சாமான்களையெல்லாம் பூட்டி, காரில் இறக்கி, டயர்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஸ்டார்ட் செய்தார்கள். பட்டறை வாசலில் அந்த இன்ஜின் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைகளிலிருந்து ஆட்கள் வெளியே ஓடிவந்தார்கள். கம்ப்ரஸர் ஏதோ வெடிக்கப்போகிறது என்று ஒருவர் சொன்னார். சௌந்தர்யா தலையைச் சாய்த்துக் கேட்டாள். அவளுக்குத் தெரிந்த எந்தச் சத்தமும் அதில் இல்லை. நன்றாக ஓடுகிறதா, கெடப்போகிறதா என்று காதை வைத்துச் சொல்ல முடியவில்லை.

"தண்ணி கிண்ணி வருதாடா சாமி?" என்றாள் பொன்னாயி.

"சூடேறோணும். தளத்துலதான் தெரியும்," என்றாள் சௌந்தர்யா.

ரேஸ் தளத்தில் அன்று பயிற்சி நாள். வந்தவர்கள் எல்லாம் பளபளவென்று இருந்தார்கள். சௌந்தர்யா மஞ்சள் சுடிதாரில், தூக்குப்போசியில் தயிர் சாதத்தோடு வந்து இறங்கினாள். அந்தத் தளத்தில் ஓட்ட வேண்டுமென்றால் அதற்கான முழு உடை போட வேண்டுமாம். தீனதயாளனுடையதைத்தான் போட்டாக வேண்டும். அவன் மூங்கில் போல உயரம், இவள் அப்படியில்லை. கால் பக்கம் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது, இடுப்புப் பக்கம் மூச்சு விட முடியவில்லை. ஹெல்மெட் கொண்டையில் தட்டி நின்றது. கொண்டையை அவிழ்த்துப் பின்னலாக்கி உள்ளே சுருட்டிக்கொண்டாள்.

முதலில் தீனதயாளன் சில ரவுண்டு ஓட்டினான். அவன் எப்போது வேண்டுமானாலும் புகையோடு நிற்பான் என்று அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் நிற்கவில்லை. ஆனால் முழு வேகத்துக்கும் போகவில்லை. திரும்பி வந்து இறங்கி, "மிச்சம் உங்களுதுங்கக்கா," என்று கதவைத் திறந்து பிடித்தான். "ஒரு ரவுண்டு."

ஏறி உட்கார்ந்தாள். பெல்ட்டைப் பூட்டினான். கார் தளத்துக்குள் போனது.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவள் நாற்பதில் ஓட்டினாள். வேகத்துக்காக வெயிலில் பஸ்ஸை விட்டுவிட்டு நின்ற அதே சௌந்தர்யாதான். கால் ஆக்ஸிலேட்டரில் இருந்தது, அழுத்த மனசு வரவில்லை. அவள் கண்ணெல்லாம் சூட்டைக் காட்டும் முள் மேலேயே இருந்தது. மனசெல்லாம் மூன்றாவது சிலிண்டரில் இருந்தது. அழுத்தினால் அது விரியும், விரிந்தால் தண்ணீர் வரும், வந்தால் அந்தப் பையனின் பிளாக் போயிற்று, தன் பேரும் போயிற்று. பின்னால் வந்த கார்களெல்லாம் விர்ரென்று முந்திக்கொண்டு போயின. ஒருவன் ஹாரன் இருந்தால் அடித்திருப்பான். வளைவுகளில் சைகை காட்ட இல்லாத இண்டிகேட்டரைத் தேடினாள். அப்படியே மொத்தத் தளத்தையும் ஆம்னி வேனில் பிளாக் ஏற்றிப் போகிற மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி முடித்தாள்.

திரும்பி வரும் வழி தெரிந்தது. சுவரோரம் தீனதயாளன் நின்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தான். வா என்கிறானா, போ என்கிறானா என்று தெரியவில்லை. அவ்வளவுதான், ரவுண்டு முடிந்தது. இருபது வருஷமாக ஆசைப்பட்டதை இவ்வளவு பயந்து பயந்து தின்று தீர்த்துவிட்டோமே என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அழுகையோடு கோபமும் வந்தது. யார் போட்ட போர் இது? தான் போட்டது. தான் போட்டதைத் தானே நம்பாவிட்டால், ராஜஸ்தான் போகிற லாரிக்காரன் எதை நம்பி வாங்கிக்கொண்டு போகிறான்?

உள்ளே திரும்ப வேண்டிய இடத்தில் அவள் திரும்பவில்லை. காலை முழுசாக அழுத்தினாள்.

கார் எழுந்து பாய்ந்தது. முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. சுற்றைக் காட்டும் முள் ஐந்தாயிரம், ஆறாயிரம் என்று ஏறியது. ஏழாயிரத்தில் அந்த இன்ஜின் பாடத் தொடங்கியது, வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அதுவரை புரியாத சத்தம் அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. நாலும் ஒரே குரலில் கத்தின. மூன்றாவது தனியாக எதுவும் சொல்லவில்லை. எட்டாயிரத்தைத் தொட்டபோது அவள் ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டுக் கூவினாள். என்ன கூவினாள் என்று பிற்பாடு கேட்டதற்கு, ஈரோட்டு பஸ் கண்டக்டர் கத்துகிற "போலாம் ரைட்" என்றுதான் நினைப்பதாகச் சொன்னாள்.

வந்து நிறுத்தி இறங்கினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஒரு ரவுண்டுன்னுதானுங்க்கா பேச்சு," என்றான் தீனதயாளன். அவனுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மொத ரவுண்டு டெஸ்டிங் தம்பி. அது கணக்குல வராது."

பானெட்டைத் திறந்து, ஆயில் பார்க்கும் குச்சியை உருவினாள். உள்ளே தண்ணீர் கலந்திருந்தால் ஆயில் பால் போல வெளுத்துவிடும். சுவரோரம் கழற்றி வைத்திருந்த துப்பட்டாவை எடுத்துத் துடைத்து மறுபடி விட்டு உருவினாள். ஆயில் தேன் நிறத்தில், தெளிவாக, சுடச்சுட வழிந்தது. தீனதயாளனிடம் காட்டினாள். அவன் அந்தக் குச்சியை வாங்கித் தானும் ஒரு முறை துடைத்து விட்டுப் பார்த்தான்.

தனபாலைக் கூப்பிட்டாள். அவருக்கு அன்று நல்ல நாள் இல்லை. சத்தீஸ்கர்க் காட்டில் இரண்டாவது நாளாகப் போட்ட போரில் வெறும் தூசிதான் பறந்திருந்தது. போர் ஃபெயிலானால் ரிக் ஆட்கள் யாரும் யாரோடும் பேசுவதில்லை. போர் போடச் சொன்ன தோட்டக்காரர் வீட்டில் சாப்பிடுவதுமில்லை, சத்தமில்லாமல் ராடுகளைக் கழற்றி ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அப்படிக் கழற்றிக்கொண்டிருந்த நேரத்தில்தான் போன் அடித்தது.

"என்ன புள்ள ஆச்சு? தண்ணி வந்துச்சா?" என்றார் பதற்றத்தோடு.

"வல்லீங்க மாமா. எட்டாயிரம் சுத்து சுத்திப்போட்டேன். ஒரு சொட்டுத் தண்ணி வல்லீங்க!"

தனபால் போனை எடுத்துக்கொண்டு ஓடுவது கேட்டது, யாரையோ கூப்பிடுவது கேட்டது. "டேய், எல்லாரும் இங்க வாங்கடா! எம்பட ஊட்டுக்காரி போட்ட போரு ஃபெயிலுடா! ஒரு சொட்டுத் தண்ணி இல்லியாமா! ஓடு, போயி ஸ்வீட் வாங்கிட்டு வா!"

அந்தக் காட்டில், தண்ணீர் வராத போரைச் சுற்றி நின்று, ரிக் ஆட்கள் அத்தனை பேரும் லட்டுத் தின்றார்கள். தோட்டக்காரருக்கும் ஒன்று கொடுத்தார்களாம். எதற்கென்று அந்த மனுஷனுக்கு இன்றுவரை தெரியாது.